மவுண்ட் ஸ்டார் என்றால் நட்சத்திர மலை இல்லையாமே?

தெற்குவாசல்:

போன வாரக் கடைசியில் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவில் பிஷப் ஊர்ப் பக்கம் போயிருந்தோம். 395-ஆம் நெடுஞ்சாலையை விட்டு ராக் கிரீக் சாலையில் ஏறி, அது முடிகிற மொஸ்கிட்டோ ஃபிளாட்டில் வண்டியை நிறுத்தினோம். கொசுத்திடல் என்று பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை, மகளின் காது மடல் இரண்டும் பணியாரமாக வீங்கிவிட்டன. வண்டி நிற்கிற இடமே 10,200 அடி என்பதால் எனக்கு ஷூ கயிறு கட்டக் குனிந்தாலே மூச்சு வாங்கியது. எப்படியோ மோனோ பாஸ் என்ற கணவாய்க்குப் போகிற பாதையில் ரூபி ஏரி வரைக்கும் ஏறிவிட்டோம். அதற்கு மேல் ஒரு அடி வைக்க மாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள், நியாயம்தான்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து சப்பாத்தி தின்றுகொண்டிருந்தபோது மகள் கண்ணில் பட்ட ஒவ்வொரு மலைக்கும் பெயர் கேட்டாள். போனில் வரைபடத்தைத் திறந்தால் ஏரிக்கு மேலே நிற்பது மவுண்ட் ஸ்டார் என்று இருந்தது. நானும் எல்லாம் தெரிந்தவன் போல, இது நட்சத்திர மலைடா, ராத்திரி இங்கே படுத்தால் வானம் கொள்ளாமல் நட்சத்திரம் தெரியும், அதனால்தான் இந்தப் பெயர் என்று ஒரு கதையை அவிழ்த்து விட்டேன். அவள் அதை அப்படியே ஆங்கிலத்தில் பக்கத்துப் பாறையில் காலுறை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் சிரிக்கவில்லை. பெயரின் கடைசியில் ஆர் இரண்டு இருக்கிறது பார் கண்ணு, அது ஒரு மனிதனின் பெயர், மலையில் தொலைந்துபோனவன் என்றாராம். நான் எழுந்து போய்க் கேட்பதற்குள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

யார் இந்த ஸ்டார்? அந்த மலையில்தான் செத்தாரா? மகள் காரில் வரும்போதெல்லாம் இதையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

நான் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்களோடு ஹைக்கிங் வந்துகொண்டிருந்த நண்பன் ஒருவன் இரண்டு வருடம் முன்னால் இதே சியரா மலைத்தொடரில் ஒரு சரிவில் வழுக்கி விழுந்து போய்விட்டான். அங்கே பெயரில்லாத மேடுகளும் முகடுகளும் எத்தனையோ கிடக்கின்றன, ஒன்றுக்கு அவன் பெயரை வைக்க விண்ணப்பம் போடலாமா என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடுகிறது. அதற்கெல்லாம் வழி இருக்கிறதா, இல்லை, சும்மா பேசிக்கொண்டிருக்கிறோமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்தச்சன்:

தாத்தா சொன்னது சரி. அந்த ஆள் வால்டர் ஸ்டார் ஜூனியர், பழகியவர்களுக்கு பீட். 1903-இல் பிறந்தவர், ஸ்டான்ஃபோர்டில் படித்துவிட்டு சான் பிரான்சிஸ்கோவில் வக்கீலாக இருந்தார். வாரம் முழுக்க கோட்டும் கேஸ் கட்டும், லீவு கிடைத்தால் மலை. சியரா நெடுக ஓடுகிற ஜான் மியூர் டிரெயில் என்ற நடைபாதைக்கு ஒரு கையேடு எழுதவேண்டும் என்று பாதை பாதையாக நடந்து, எந்த ஏரியிலிருந்து எந்தக் கணவாய்க்கு எத்தனை மைல், எங்கே ஆற்றைக் கடப்பது என்று குறித்துக்கொண்டே போவாராம். பெரும்பாலும் தனியாகத்தான். அவர் நடைக்கு ஈடுகொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

உங்கள் மகளின் கேள்விக்குப் பதில்: இல்லை, அந்த மலையில் சாகவில்லை. அங்கிருந்து நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்கும் மேல் வடமேற்கே மினரெட்ஸ் என்று ஒரு வரிசை இருக்கிறது. மாமத் லேக்ஸ் பக்கமிருந்து பார்த்தால் ரம்பத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி கறுப்பாகத் தெரியுமே, அதுதான். 1933 ஜூலைக் கடைசியில் அங்கே தனியாகப் போனவர் ஆகஸ்ட் முதல் வாரம் முடிகிறபோது அப்பாவை ஓரிடத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. வரவில்லை. இவன் இப்படித்தான், திட்டத்தை மாற்றியிருப்பான் என்று அப்பாவும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லீவு முடிந்து ஆபீசுக்கும் வராதபோதுதான் வயிற்றில் புளி கரைந்தது.

கார் ஆக்னியூ மெடோஸில் நின்றது. எடிசா ஏரிக்குப் பக்கத்தில் அவர் தங்கியிருந்த இடமும் கிடைத்தது, சாமான்கள் அங்கேயே இருந்தன, ஆள் மட்டும் இல்லை. அந்தக் காலத்து சியராவின் பெரிய மலையேறிகள் அத்தனை பேரும் திரண்டுவிட்டார்கள். நார்மன் கிளைட், ஜூல்ஸ் ஐக்கார்ன், கிளென் டாசன், மலைப் பிரியர்களின் சங்கமான சியரா கிளப்புக்கு அப்போது தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஃபார்க்கர், கூடவே அப்பா. விமானத்திலும் பறந்து பார்த்தார்கள். ஒவ்வொரு உச்சியாக ஏறி, அங்கே டப்பாவில் வைத்திருக்கும் பதிவு நோட்டைப் புரட்டி, அவர் கையெழுத்து இருக்கிறதா என்று தேடினார்கள். சில நாள் கழித்து எல்லோரும் கைவிட்டுத் திரும்பினார்கள், ஒருவர் மட்டும் போகவில்லை. நார்மன் கிளைட்.

அவர் தனியாக அந்த ரம்பப் பற்களை ஒவ்வொன்றாகத் திரும்ப ஏறிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 25-ஆம் தேதி மைக்கேல் மினரெட்டின் வடமேற்கு முகத்தை நின்று நிதானமாகக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தபோது ஒரு ஈ அவர் முகத்தைத் தாண்டிப் பறந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னும் ஒன்று. 12,000 அடிக்கு மேல் வெறும் பாறையில் ஈக்கு என்ன வேலை? அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஈக்கள் வந்த திசையில் போனார், ஒரு குறுகலான பாறைத் திட்டில் ஸ்டார் கிடந்தார். விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

கீழே கொண்டுவரவில்லை. அந்தச் சுவரில் ஒரு உடலை இறக்கப் போய் இன்னொரு உயிர் போகக்கூடாது என்று அப்பா அங்கேயே விட்டுவிட ஒப்புக்கொண்டார். 30-ஆம் தேதி கிளைட்டும் ஐக்கார்னும் மட்டும் மேலே ஏறி, சுற்றி இருந்த கல்லைப் பொறுக்கி அவரைச் சுற்றி அடுக்கி மூடினார்கள். ஐக்கார்னுக்கு அப்போது 21 வயது. அப்பாவும் ஃபார்க்கரும் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் அவர் அங்கேதான் இருக்கிறார்.

இனி உங்கள் மலைக்கு வருகிறேன். 1896 ஜூலையில், இந்தப் பையன் பிறப்பதற்கு ஏழு வருடம் முன்னால், அப்பா வால்டர் ஸ்டார் தன் நண்பர் ஆலன் சிக்கரிங்கோடு யோசெமிட்டியிலிருந்து கிங்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வரை மலை வழியாகவே ஒரு நீண்ட பயணம் போனார். போகிற வழியில் இந்தச் சிகரத்தில் ஏறினார்கள், எழுத்தில் பதிவான முதல் ஏற்றம் அதுதான். உச்சியில் இடிமழையில் மாட்டிக்கொண்டு மின்சாரத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்ததால் எலக்ட்ரிக் பீக் என்று பெயர் வைத்துவிட்டு இறங்கினார்கள். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. மகன் போன பிறகு சியரா கிளப் அவர் நினைவாக அதே மலைக்கு மவுண்ட் ஸ்டார் என்று வைத்தது. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர்தான், அதனால் யாருடைய மலை என்று கேட்டால் இரண்டு பேருடையதும் என்று நான் சொல்வேன்.

கையேட்டை அப்பா முடித்து 1934-இல் வெளியிட வைத்தார். பல பத்தாண்டுகளுக்கு ஜான் மியூர் டிரெயில் நடந்தவர்கள் முதுகுப்பையில் அது இல்லாமல் போனதில்லை.

பழையசோறு:

கதை நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு இதில் ஒரு எரிச்சல் உண்டு. வக்கீல் வீட்டுப் பிள்ளை விழுந்தால் விமானம் பறக்கிறது, மலைக்குப் பெயர் வருகிறது. 1922-இல் எவரெஸ்டில் ஜார்ஜ் மேலோரி என்ற ஆங்கிலேய மலையேறியோடு போன குழுவில், நார்த் கோல் என்ற கணவாய்க்குக் கீழே பனிச்சரிவில் ஏழு ஷெர்பா சுமைதூக்கிகள் ஒரே நாளில் செத்தார்கள். அவர்கள் பெயரில் எங்கே மலை? மினரெட்ஸ் வரிசையிலேயே பாருங்கள், கிளைட் மினரெட், ஐக்கார்ன் மினரெட், டாசன் மினரெட், ஸ்டார் மினரெட் என்று ஒரு கிளப்பின் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் கணவாய் கடந்து போய்வந்த பாயூட், மோனோ பூர்வகுடி மக்கள் எல்லாம் பெயர் வைக்கத் தெரியாமலா இருந்தார்கள்? நம் ஊரில் செத்தவனுக்கு நடுகல் வைத்தார்கள், கல்லைத்தான் நட்டார்கள், மலையைப் பட்டா போட்டுக்கொள்ளவில்லை.

வரைபடப்பித்தன்:

பழையசோறு சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம், மீதியை அடுத்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் தெற்குவாசலின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதற்கு எழுதிவைத்த விதியே இருக்கிறது, அது உங்களுக்குப் பிடிக்காது.

அமெரிக்காவில் வரைபடத்தில் வரும் பெயர்களை முடிவு செய்வது புவியியல் பெயர்கள் வாரியம், 1890-இலிருந்து இருக்கிறது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பம் போடலாம், காசு கிடையாது. ஆனால் ஒருவர் நினைவாகப் பெயர் வைக்கவேண்டுமென்றால் அவர் இறந்து குறைந்தது ஐந்து வருடம் ஆகியிருக்கவேண்டும். அழுத கண்ணோடு யாரும் வரைபடத்தில் கைவைக்கக்கூடாது என்பதற்காக இருக்கும். அடுத்தது, அவருக்கும் அந்த இடத்துக்கும் நீண்ட நாள் நேரடித் தொடர்பு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பகுதிக்குப் பெரிதாக ஏதாவது செய்திருக்கவேண்டும். இங்கேதான் விஷயம். மலையேற்ற விபத்திலோ விமான விபத்திலோ ஒருவர் ஓரிடத்தில் இறந்துபோனார் என்பதை மட்டும் பொதுவாகத் தொடர்பாக எடுத்துக்கொள்வதில்லை என்று வாரியம் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. மலையேற்ற விபத்து என்று பெயர் சொல்லியே! எத்தனை அம்மா அப்பாவின் கடிதங்களைப் படித்த பிறகு அந்த வரியைச் சேர்த்தார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது தடை இன்னும் பெரிது. நீங்கள் போன இடம் ஜான் மியூர் வனப்பகுதி, மினரெட்ஸ் இருப்பது ஆன்செல் ஆடம்ஸ் வனப்பகுதி. இப்படிச் சட்டப்படி வனமாகவே விட்டுவைத்த இடங்களில், தவிர்க்கவே முடியாத தேவை இருந்தாலொழிய புதுப் பெயர் வைப்பதில்லை. பெயரில்லாமல் இருப்பதும் வனத்தின் குணம் என்பது அவர்கள் கணக்கு. சியராவின் உயரமான பகுதியில் பெரும்பங்கு இப்படிப்பட்ட வனம்தான், அதனால் உங்கள் நண்பர் விழுந்த இடமும் அதற்குள்தான் வரும் என்று நினைக்கிறேன்.

இந்த அளவுகோலை வைத்து ஸ்டாரைப் பார்த்தால், அவர் மினரெட்டில் விழுந்தது கணக்கில் வராது, பாதைகளை அளந்ததும் கையேடு எழுதியதும்தான் வரும். அந்தக் காலத்தில் இந்த விதி இப்படி இல்லை என்பது வேறு விஷயம்.

மினரெட்ஸ் பற்றி ஒரு சின்னத் திருத்தம், அல்லது சேர்ப்பு. மைக்கேல் மினரெட்டில் முதலில் ஏறியவர் சார்ல்ஸ் மைக்கேல், யோசெமிட்டி அஞ்சல் நிலையத்தில் வேலை பார்த்தவர், 1923-இல் ஏறினார். எல்லாம் வக்கீல்கள் இல்லை ஐயா.

மீனாட்சி_ரீனோ:

யாருமே நார்மன் கிளைட்டைப் பற்றிச் சரியாகச் சொல்லவில்லையே, இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் அவர்தான். 1885-இல் பிறந்தவர், கிரேக்கமும் லத்தீனும் படித்தவர். மனைவி இளமையிலேயே காசநோயில் போய்விட்டாள், அப்புறம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இண்டிபெண்டன்ஸ் ஊரில் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தவர், ஒரு ஹாலோவீன் இரவில் குறும்பு செய்ய வந்த பையன்களை விரட்டத் துப்பாக்கியால் சுட்டு, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றாலும், வேலை போயிற்று. அதற்குப் பிறகு மலைதான் வீடு. முதுகுப்பை 40 கிலோவுக்கு மேல். உள்ளே வாணலி, கேமராக்கள், செருப்புத் தைக்கிற இரும்புக் கட்டை, கிரேக்கப் புத்தகங்கள்! நாமெல்லாம் பல் தேய்க்கும் பிரஷின் காம்பை வெட்டி எடையைக் குறைக்கிறோம்.

இந்த ஆளுக்கும் செத்தவர் பெயரை மலைக்கு வைப்பதற்கும் முன்பே ஒரு தொடர்பு உண்டு. 1924 ஜூன் 8-ஆம் தேதி ஜார்ஜ் மேலோரியும் ஆண்ட்ரூ இர்வினும் எவரெஸ்டின் மேல்பகுதியில் மேகத்துக்குள் போய்த் திரும்பி வரவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருடம் ஜூனில் கிளைட் மவுண்ட் விட்னிக்குத் தென்கிழக்கே, அதுவரை யாரும் ஏறியதாகப் பதிவில்லாத இரண்டு சிகரங்களில் ஏறினார். மவுண்ட் மேலோரி, மவுண்ட் இர்வின் என்று பெயர் வைத்தார். இரண்டும் 13,700 அடிக்கு மேல், அடுத்தடுத்து நிற்கின்றன. அந்த இருவரையும் அவர் பார்த்ததே கிடையாது. அவர்கள் கலிஃபோர்னியா மலைகளைப் பார்த்ததும் கிடையாது. வரைபடப்பித்தன் சொன்ன வாரியத்திடம் இன்றைக்கு இந்த விண்ணப்பம் போனால் அன்றே குப்பைக்கூடை!

எனக்கு எப்போதும் தோன்றும், அந்த 1925-இல் அவருக்கு இது தூரத்துச் செய்தி, பத்திரிகையில் படித்தது. எட்டு வருடம் கழித்து அதே மனிதர் ஒரு பாறைத் திட்டில் ஈ மொய்க்கும் ஒரு உடம்புக்கு முன்னால் நிற்கிறார், கல் சுமக்கிறார். பெயர் வைப்பது லேசு.

மேலோரியின் உடல் 1999 மே 1-ஆம் தேதிதான் கிடைத்தது, கான்ராட் ஆங்கர் கண்டுபிடித்தார், அவரையும் அங்கேயே கல்லால் மூடிவிட்டார்கள். இர்வினுடைய பூட்ஸும் அதற்குள் காலும் 2024-இல் ராங்பக் பனியாற்றில் கிடைத்தன, காலுறையில் அவர் பெயர் நூலில் தைத்திருந்தது. நூறு வருடம் அந்த நூல் தாங்கியிருக்கிறது. ஆனால் அவர்கள் பெயரில் நிற்கிற மலைகளோ உலகத்தின் அந்தப் பக்கம், லோன் பைன் ஊரில் பெட்ரோல் போட நிறுத்தினால் தெரிகிற தூரத்தில்.

கிளைட் 1972-இல் போனார். அவர் அஸ்தியை நார்மன் கிளைட் பீக்கில் தூவினார்கள், தூவப் போனவர்களில் ஐக்கார்னும் உண்டு. ஆமாம், அன்றைக்குக் கல் அடுக்கிய அதே 21 வயதுப் பையன்தான். சிறுவயதில், புகைப்படக்காரராகப் புகழ்பெற்ற ஆன்செல் ஆடம்ஸிடம் பியானோ கற்றவர் என்பது உதிரித் தகவல். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பத்துப் பேர்தான் வருகிறார்கள், பழையசோறு சொன்ன வருகைப் பதிவேடு சரியான வார்த்தை.

காட்டுமல்லி:

பழையசோறுக்கு ஒரு பதில். ஷெர்பா பெயரில் மலை இருக்கிறது. நேபாளத்தில், சோ ஓயு மலைக்கு மேற்கே, முன்பு ஜசாம்பா என்று சொல்லப்பட்ட 7,300 மீட்டருக்கும் மேலான சிகரத்துக்கு இப்போது பாசாங் லாமு சூலி என்று பெயர். எவரெஸ்டில் ஏறிய முதல் நேபாளப் பெண் பாசாங் லாமு ஷெர்பா, மூன்று குழந்தைகளுக்குத் தாய். அதற்கு முன் முயன்றபோதெல்லாம் உச்சியைத் தொடாமலே திரும்ப வேண்டியதாயிற்று. 1993-இல் பச்சேந்திரி பால் தலைமையில் இந்திய நேபாள மகளிர் குழு போன அதே பருவத்தில், இவர் அதில் சேராமல் தனியாக ஒரு நேபாளக் குழுவை நடத்திக்கொண்டு போனார். ஏப்ரல் 22-ஆம் தேதி உச்சியில் நின்றார். இறங்கும்போது வானிலை மோசமாகிவிட்டது, கூட வந்த சோனம் செரிங் ஷெர்பாவுக்கு உடம்பு முடியவில்லை. இருவருமே திரும்பவில்லை.

அவர் உடலை அத்தனை உயரத்திலிருந்து இறக்கி காத்மாண்டுவுக்குக் கொண்டுவந்து தகனம் செய்தார்கள். மலைக்கு மட்டுமல்ல, துன்சே போகிற நெடுஞ்சாலைக்கும் ஒரு கோதுமை ரகத்துக்கும்கூட அவர் பெயர். கோதுமைக்குப் பெயர் வைத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, மலையைப் பத்துப் பேர் பார்ப்பார்கள், கோதுமையை ஊரே தின்னும்.

ஆனால் உங்கள் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ஜசாம்பா என்ற பெயர் அதற்கு முன் அங்கே இருந்ததே, அது என்ன ஆயிற்று? சோனம் செரிங் பெயரில் எதுவும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒருவருக்குக் கிடைத்தால் பக்கத்தில் படுத்தவருக்குக் கிடைப்பதில்லை, எல்லா நாட்டிலும் அப்படித்தான்.

பழையசோறு:

பாசாங் லாமு எனக்கு நினைவுக்கு வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோதுமை சமாச்சாரம் இன்றைக்குத்தான் தெரியும். மற்றதில் மாற்றமில்லை. தெற்குவாசல், உங்கள் நண்பர் விஷயத்தைக் கவனிக்காமல் காரமாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

தெற்குவாசல்:

ஐயையோ, மன்னிப்பெல்லாம் எதற்கு. இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி.

மகளுக்கு நேற்று ராத்திரி கல்தச்சன் எழுதியதைக் கொஞ்சம் மழுப்பிச் சொன்னேன். ஈயை விட்டுவிடலாம் என்று பார்த்தேன், அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவள் விடாமல் கேட்டதால் சொல்லிவிட்டேன். பயப்படவில்லை. அந்தக் கல் இன்னும் சரியாமல் இருக்குமா என்று மட்டும் கேட்டாள். அப்புறம், அவருடைய அப்பா அதற்குப் பிறகு அந்த எலக்ட்ரிக் மலையில் திரும்ப ஏறினாரா என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

வரைபடப்பித்தன் எழுதியதைக் குழுவில் போட்டேன். ரொம்ப நேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. அந்த விபத்து வரி இரண்டு பேருக்குக் கோபத்தைக் கிளப்பியது, இதை எழுதியவன் யாரையும் பறிகொடுக்காதவன் என்றான் ஒருவன். நான் அப்படி நினைக்கவில்லை. நண்பன் எங்களோடு போன இடங்கள் எத்தனையோ, அவன் விழுந்த அந்தச் சரிவில் அவன் கழித்தது ஒரு காலைப்பொழுது. அந்த இடத்துக்கு அவன் பெயரை வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் வரைபடத்தில் அதைப் பார்க்க வேண்டுமா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அவனுடைய அம்மாவிடம் நாங்கள் இதைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பதும் நேற்றுத்தான் உறைத்தது. விண்ணப்பத்தை ஒத்திப்போட்டிருக்கிறோம், எப்படியும் இன்னும் மூன்று வருடம் காத்திருக்கத்தானே வேண்டும்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த உச்சிக்குப் போனாலும் அந்த டப்பாவைத் திறந்து நோட்டில் எங்கள் எல்லார் பெயரையும் தமிழில் எழுதுவான், வராமல் கீழேயே நின்றுவிட்ட என் பெயரையும் சேர்த்து. இப்படி நான் ஏறாத நாலைந்து மலைகளில் என் கையெழுத்து கிடக்கிறது.

அதனால் ஒரு யோசனை. செப்டம்பரில் குழுவாக ராக் கிரீக் போய் இந்த மவுண்ட் ஸ்டாரில் ஏறலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ரூபி ஏரிக்கே மூச்சு வாங்கிய என்னால் முடியுமா? கயிறு எல்லாம் வேண்டுமா?

கல்தச்சன்:

கயிறு வேண்டாம். மோனோ பாஸ் வரை நல்ல பாதை, ஒரு பக்கம் நான்கு மைலுக்குள்தான் வரும். பாஸிலிருந்து பாதையை விட்டு உச்சியைப் பார்த்துப் பாறைக் குவியல் மேலேயே ஏறவேண்டும். ஆடுகிற கல் நிறைய, நிதானமாகக் கால் வைத்தால் போதும், அங்கங்கே கையை ஊன்ற வேண்டியிருக்கும். உச்சி 12,835 அடி. முதல் நாள் ராத்திரி மேலேயே எங்காவது படுத்து உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள், கடல் மட்டத்திலிருந்து நேராக வந்து ஏறினால் தலைவலி பின்னி எடுத்துவிடும். விடியும் முன் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள், அப்பா ஸ்டார் அதற்கு எலக்ட்ரிக் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

மாத நடுவுக்குள் போனால் நல்லது, கடைசியில் பனி விழ ஆரம்பித்துவிடலாம். கொசுவும் அதற்குள் போயிருக்கும்.

மேலே டப்பாவில் நோட்டு இருக்குமா என்று உறுதி சொல்ல முடியாது, இந்தக் காலத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எதற்கும் ஒரு சின்ன நோட்டை நீங்களே கொண்டு போங்கள். பென்சில் வையுங்கள், அந்தக் குளிரில் பேனா எழுதாது.